நாடு போயிற்று; ஏடு நின்றது!

தஞ்சை மன்னர் சரபோஜியின் வாழ்க்கை

1799-ஆம் ஆண்டு, அக்டோபர் மாதம் 25-ஆம் தேதி. அன்று ஏற்பட்ட ஓர் உடன்படிக்கையினால் தஞ்சை ராஜ்யம் கிழக்கிந்தியக் கும்பினியாரின் கைக்கு மாறிவிட்டது. காவிரியும் வெண்ணாறும் பாய்ந்து நெல் கொழிக்கும் சோழ வளநாட்டுக்குக் கும்பினியாரே எஜமானர்கள் ஆனார்கள். வரி அவர்களுடையது; நியாய ஸ்தலம் அவர்களுடையது; பட்டாளமும் அவர்களுடையது.

மன்னருக்கு மிஞ்சியது என்ன? தஞ்சைக் கோட்டை, அதைச் சுற்றிக் கொஞ்சம் நிலம், வருஷத்துக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகன், நிலவரியின் நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான்!

அந்த மன்னர் இரண்டாம் சரபோஜி. அப்போது அவருக்கு வயது 22. சிம்மாசனம் ஏறி ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை.

ஆளுவதற்கு நாடு இல்லை. செலவழிக்கப் பணம் உண்டு. இந்த நிலையில் வேட்டை, விருந்து, ஆடல் பாடல் என்று காலத்தைப் போக்கிய ராஜாக்கள் இந்தியாவில் பலர் உண்டு. சரபோஜி அப்படிச் செய்யவில்லை. நாட்டை வைத்துக்கொள்ள முடியாதவர், நாட்டின் அறிவையெல்லாம் திரட்டி ஓரிடத்தில் வைத்துக்கொண்டார். தஞ்சை அரண்மனையில் உள்ள சரஸ்வதி மஹால் நூல்நிலையத்துக்கு இன்று உலகமெங்கும் பெயர் இருக்கிறதென்றால், அதற்கு முதற்காரணம் இவரே.

சுவீகாரப் பிள்ளை

சரபோஜி பிறந்தது 1777-ஆம் ஆண்டு, செப்டம்பர் 24-ஆம் தேதி. தஞ்சையை ஆண்ட துளஜா மகாராஜாவுக்கு வாரிசு இல்லை. ஆகவே, தமது போன்ஸலே வம்சத்திலேயே ஒரு பையனைத் தேடி 1787-இல் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். சுவீகாரம் ஆன சில நாட்களில் மகாராஜா காலமாகிவிட்டார். சாகுமுன் பையனை ஜெர்மன் தேசத்துப் பாதிரியார் சுவார்ட்ஸின் பாதுகாப்பில் ஒப்புவித்தார்.

துளஜாவின் மாற்றாந்தாய்ச் சகோதரர் அமரசிங்கர் முதலில் பையனின் சார்பில் ஆட்சியை ஏற்றார். பிறகு, சுவீகாரம் சாஸ்திரப்படி செல்லாது என்ற வாதம் கிளம்பியது. கும்பினியார் அதை ஒப்புக்கொண்டு, அமரசிங்கரையே ராஜாவாக்கினார்கள். பையனின் பாடு திண்டாட்டம் ஆயிற்று. அரண்மனைக்குள்ளேயே காவலில் இருந்தான். படிப்புக்குக்கூட வழியில்லை.

சுவார்ட்ஸ் பாதிரியார் சும்மா இருக்கவில்லை. கும்பினி அதிகாரிகளிடம் விடாமல் முறையிட்டார். அதன் பயனாக 1793-இல் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டார். அங்கே கெரிக்கே பாதிரியாரின் மேற்பார்வையில் அவருடைய படிப்பு நடந்தது. ஆங்கிலமும் கணிதமும் பூகோளமும் மேல்நாட்டு விஞ்ஞானமும் அவருக்குப் பழக்கமாயின.

இதற்கிடையில் சுவீகார விவகாரம் மறுபடியும் விசாரணைக்கு வந்தது. வடநாட்டுப் பண்டிதர்களிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். தர்ம சாஸ்திர ஏடுகளைப் புரட்டிப் பார்த்த பண்டிதர்கள், சுவீகாரம் செல்லும் என்றார்கள். 1798-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29-ஆம் தேதி சரபோஜிக்குப் பட்டம் சூட்டப்பட்டது. ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்தே அவருக்கு ராஜ்யம் கிடைத்தது. ஏட்டின் அருமை அவருக்குத் தெரிந்திருந்ததில் ஆச்சரியம் உண்டா?

அந்தப் பட்டாபிஷேகத்தைக் காண சுவார்ட்ஸ் பாதிரியார் உயிரோடு இல்லை. அதே வருஷம் பிப்ரவரியில் காலமாகிவிட்டார். அவர் மரணப் படுக்கையில் கிடக்க, அருகில் சரபோஜி நிற்கும் காட்சியைப் பளிங்கில் செதுக்கித் தரும்படி இங்கிலாந்தின் பேர்போன சிற்பி ஃப்ளாக்ஸ்மனிடம் மன்னர் சொன்னார். தஞ்சைச் சிவகங்கைக் குளத்தருகே உள்ள மாதா கோயிலில் அந்தச் சிற்பத்தை இன்றும் பார்க்கலாம்.

ஏட்டின் ஆயுள்

அரண்மனையில் நூல்நிலையம் வைக்கும் வழக்கம் சரபோஜி ஏற்படுத்தியது அல்ல. நாயக்க மன்னர்கள் காலத்திலேயே சுவடிகள் சேர்ந்திருந்தன. 1675-க்குப் பின் வந்த மராட்டிய மன்னர்களும் சேர்த்தார்கள். ஆனால், சேர்ப்பது ஒன்று, காப்பது வேறொன்று.

பனையோலையை வெட்டி, வேகவைத்து, உலர்த்தி, எழுத்தாணியால் கீறி எழுதுவார்கள். கீறிய இடத்தில் விளக்குக் கரியும் இலைச் சாறும் கலந்து தடவினால் எழுத்து பளிச்சென்று தெரியும். பூச்சி அண்டாமலிருக்கக் கட்டுக்குள் வசம்பு வைப்பார்கள். இவ்வளவு செய்தும், நம் நாட்டு வெயிலிலும் ஈரத்திலும் ஓர் ஓலையின் ஆயுள் பெரும்பாலும் இருநூறு, முந்நூறு வருஷம்தான். அதற்குள் யாராவது புது ஓலையில் பார்த்து எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் அந்த நூல் அத்தோடு சரி. ஆடிப்பெருக்கில் பழைய ஏடுகளைக் காவிரியில் விட்டுவிடும் வழக்கமும் சில குடும்பங்களில் இருந்தது. படியெடுத்த பின் விட்டால் நஷ்டமில்லை. படியெடுக்காமலே விட்டவை எத்தனையோ!

படியெடுப்பதிலும் ஆபத்து உண்டு. அந்தக் கால ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் இல்லை. சொல்லுக்குச் சொல் இடம் விடுவதும் இல்லை. இடத்தையும் உழைப்பையும் மிச்சம் பிடிப்பதற்கு இது நல்ல வழி. ஆனால், பாடம் கேட்டு அறிந்தவரால்தான் அதைப் பிழையறப் படிக்க முடியும். வடமொழி ஏடு எழுதுகிறவர்கள் இதற்கு ஒரு காவல் வைத்திருந்தார்கள். 32 அட்சரம் கொண்டது ஒரு கிரந்தம் என்று கணக்கிட்டு, மொத்தம் எத்தனை கிரந்தம் என்பதை நூலின் கடைசியில் எழுதிவிடுவார்கள். எழுதினவருக்குக் கூலி கொடுக்கவும் அது உதவும். நடுவில் ஏதேனும் விட்டுப்போயிருந்தால் கண்டுபிடிக்கவும் உதவும்.

காசி யாத்திரை

இந்த வேலையைச் சரபோஜி ராஜ காரியமாகவே நடத்தினார். வடமொழி, தமிழ், தெலுங்கு, மராத்தி வல்ல பண்டிதர்கள் அரண்மனையில் சம்பளம் பெற்று அமர்ந்தார்கள். எங்கே அபூர்வமான சுவடி இருக்கிறது என்று கேள்விப்பட்டாலும் ஆள் போகும். விலைக்குக் கிடைத்தால் வாங்குவது. கிடைக்காவிட்டால் அங்கேயே உட்கார்ந்து பார்த்தெழுதிக்கொண்டு வருவது. இதுவே அவர் வகுத்த ஏற்பாடு.

1820-இல் மன்னர் காசி யாத்திரை புறப்பட்டார். சுமார் மூவாயிரம் பேர் கொண்ட பரிவாரம் அவரோடு சென்றது. யாத்திரை போகிறவர்கள் கங்கை நீரைச் சொம்பில் அடைத்துக்கொண்டு திரும்புவது வழக்கம். சரபோஜி சுவடிகளையும் கொண்டுவந்தார். காசியின் படித்துறைகளைச் சித்திரமாகவும் எழுதுவித்தார்.

மேல்நாட்டு நூல்களும் கப்பலில் வந்து இறங்கின. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் முதலிய மொழிகளில் அவர் சேர்த்தவை நாலாயிரத்துக்கு மேல். பலவற்றில் தம் கையெழுத்தைப் போட்டு வைத்தார். 1826-இல் தஞ்சைக்கு வந்த ஹீபர் என்ற ஆங்கில மேற்றிராணியார், இந்த இந்திய ராஜா ஐரோப்பிய ரசாயன, தாவர நூலாசிரியர்களைப் பற்றிச் சரளமாகப் பேசுவதைக் கேட்டு வியந்து போனார்.

கல், காகிதம், அச்சு

ஒரே இடத்தில், ஒரே பொருளில் எழுதி வைத்தால் போதாது என்பதை மன்னர் உணர்ந்திருந்தார் என்றே தோன்றுகிறது. தம் வம்சத்தின் சரித்திரத்தை 1803-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் மராத்தியில் வெட்டுவித்தார். உலகத்தின் மிக நீளமான கல்வெட்டுகளில் அதுவும் ஒன்று என்பார்கள். ஓலைக்குப் பூச்சி உண்டு. காகிதத்துக்கு நெருப்பு உண்டு. கல்லுக்கு இரண்டும் இல்லை.

அச்சுக்கூடத்தையும் அவர் விடவில்லை. தென்னாட்டில் தேவநாகரி எழுத்தில் அச்சிடுவது அறியாத காரியமாக இருந்தபோதே, அரண்மனையில் நவவித்யா கலாநிதி என்ற பெயரில் அச்சகம் நடத்தினார். ஈசாப் கதைகள் மராத்தியில் அங்கே அச்சாயின. கையால் எழுதினால் ஒரு பிரதிக்கு மாதக் கணக்காகும். அச்சிட்டால் ஒரே சமயத்தில் பல பிரதிகள் பல ஊர்களுக்குப் போய்விடும். ஓரிடத்தில் அழிந்தாலும் மற்றோரிடத்தில் இருக்கும் அல்லவா?

வைத்தியத்திலும் இதே முறைதான். தன்வந்திரி மஹால் என்ற வைத்தியசாலையில், பரம்பரை வைத்தியர்கள் வாயளவில் வைத்திருந்த மருந்து முறைகளைப் பரிசோதித்து எழுத வைத்தார். கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளும், கண்களின் வண்ணப் படங்களும் இன்றும் உள்ளன. வைத்தியரோடு வைத்தியம் போகக்கூடாது என்பது அவர் நோக்கம்.

மோடி எழுத்து

சரபோஜி விட்டுச் சென்றவற்றில் காவியங்களும் சாஸ்திரங்களும் மட்டும் இருக்கவில்லை. அரண்மனைக் கணக்குகளும் இருந்தன. சத்திரங்களில் ஆன செலவு, கோயில் கட்டளை, ஆசாரிக்குக் கூலி, நாட்டியக்காரருக்குச் சம்பளம், மருந்துச் சாமான், புத்தக விலை என்று அன்றாட விவகாரங்கள் அத்தனையும் காகிதத்தில் ஏறின. ஒரத்தநாட்டில் அவர் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் போன்ற தர்ம ஸ்தாபனங்கள் எப்படி நடந்தன என்பதை அறிய இந்தக் காகிதங்களைவிட நல்ல சாட்சி இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுகள்!

இவை மராத்தி மொழியில், மோடி என்ற எழுத்தில் எழுதப்பட்டவை. அதிகாரிகளும் கணக்கர்களும் வேகமாக எழுதுவதற்கென்றே ஏற்பட்ட எழுத்து இது. முதலில் தாளின் குறுக்கே நீளமாக ஒரு தலைக்கோடு போட்டுக்கொள்வார்கள். பிறகு பேனாவை எடுக்காமல் எழுத்தோடு எழுத்தைக் கோத்துக்கொண்டே போவார்கள். இகர, உகரங்களில் குறில் நெடில் பேதமில்லை. சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை. அடிக்கடி வரும் சொற்களுக்குச் சுருக்கக் குறிகள் உண்டு. ஒரு தாளில் இரண்டு தாள் விஷயம் அடங்கிவிடும்.

நம் தஞ்சைக் கணக்குப்பிள்ளைகளுக்கும் இந்த வித்தை தெரியும். நெல் கணக்கில் ஒரே பெயரும் ஒரே ஊரும் திரும்பத் திரும்ப வந்தால் ஒவ்வொரு தடவையும் எழுதமாட்டார்கள். மேற்படி என்பதற்கு ‘௸’ என்று ஒரே ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவார்கள்.

கணினி செய்யும் வேலையும் இதுவே

இன்று வீட்டுக் கணக்கு முதல் சர்க்கார் ஆவணம் வரை கணினியில் இருக்கிறது. யந்திரம் பழுதானால் எல்லாம் போய்விடும் என்பதால் வேறிடத்தில் ஒரு நகல் வைக்கிறார்கள். பேக்கப் என்று சொல்வது அதைத்தான். நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒரே கட்டாகக் கட்டுவதற்கு ‘டார்’ என்ற முறை 1979 முதல் வழக்கில் இருக்கிறது. சுவடிகளைக் கயிறு கோத்துக் கட்டுவது போன்றது இது. கட்டும், ஆனால் சுருக்காது.

சுருக்குவதற்கு வழி சொன்னவர்கள் லெம்பெல், ஜிவ் என்ற இரண்டு இஸ்ரேலிய விஞ்ஞானிகள். 1977-இல் அவர்கள் வெளியிட்ட முறையின் சாரம் நம் கணக்குப்பிள்ளையின் மேற்படிக் குறிதான். முன்பு வந்த பகுதி மறுபடியும் வந்தால் அதைத் திரும்ப எழுதாமல், இத்தனை எழுத்துக்கு முன்னால் பார், இத்தனை எழுத்தை எடுத்துக்கொள் என்று மட்டும் குறித்து வைப்பது. ஓர் எழுத்துகூடக் குறையாமல் பழையபடி விரித்துவிடலாம். இந்த வழியைப் பின்பற்றியே அமெரிக்காவில் ஃபில் காட்ஸ் என்பவர் 1989-இல் ‘ஜிப்’ என்ற கட்டு முறையை உண்டாக்கினார். கட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சோதனை எண் உண்டு. ஏடு எழுதியவர்கள் கடைசியில் போட்ட கிரந்தக் கணக்கைப் போல, உள்ளே ஏதேனும் சிதைந்திருந்தால் அது காட்டிக் கொடுத்துவிடும்.

காட்ஸ் இன்னொரு நல்ல காரியமும் செய்தார். தமது கட்டை எப்படி அவிழ்ப்பது என்ற விவரத்தை ஒளிக்காமல் ஊரறிய வெளியிட்டார். அவர் 2000-இல் இளவயதிலேயே இறந்துவிட்டார். ஆயினும், ஜிப் கட்டுகளை இன்று எந்தக் கணினியிலும் திறக்கிறார்கள். திறக்கும் வழியை ஒருவரே ரகசியமாக வைத்திருந்தால் அது அவரோடு போயிருக்கும்.

மோடி எழுத்துக்கு ஏறக்குறைய அந்தக் கதிதான் நேர்ந்தது. அதை எழுதிய கணக்கர்கள் காலத்தில் அது ரகசியமே அல்ல. ஆனால், இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மராட்டிய நாட்டுப் பள்ளிகளிலிருந்தே அது மறைந்தது. தஞ்சையில் கட்டுகள் இருந்தன; படிக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படி ஆனார்கள். காகிதம் கெடாமல் இருந்தும், உள்ளே இருப்பது என்னவென்று தெரியாத நிலை! 1981-இல் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகம் இந்த வேலையைக் கையில் எடுத்தது. மோடி ஆவணங்களில் ஒரு பகுதியின் தமிழாக்கம் 1989-இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அதன் பிறகே தஞ்சை அரண்மனையின் அன்றாட வாழ்க்கை தமிழ் வாசகர்களுக்குத் தெரிய ஆரம்பித்தது.

மன்னருக்குப் பின்

சரபோஜி 1832-ஆம் ஆண்டு, மார்ச் மாதம் 7-ஆம் தேதி காலமானார். அவருடைய குமாரர் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கும்பினியார் அரண்மனையைக் கைப்பற்றி முத்திரை வைத்தார்கள். ராணியார் காமாட்சி பாய் வழக்குத் தொடர்ந்தார். லண்டன் பிரிவி கவுன்சில் 1859-இல் அவருக்குப் பாதகமாகத் தீர்ப்புச் சொல்லிற்று. பின்னர்தான் சொத்துக்கள் தயவின் பேரில் திரும்பக் கிடைத்தன. இத்தனை குழப்பத்திலும் சுவடிகள் சிதறாமல் தப்பியது பெரிய காரியம்.

அதே 1855-ஆம் ஆண்டில்தான் பாபநாசத்துக்குப் பக்கத்தில் உள்ள உத்தமதானபுரத்தைச் சேர்ந்த குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தது. அது வளர்ந்து உ.வே. சாமிநாதையர் ஆயிற்று. அரண்மனைக்கு வெளியே, வீட்டுப் பரண்களில் கிடந்த தமிழ் ஏடுகளைத் தேடி அவர் ஊர் ஊராக அலைந்தார். பல இடங்களில் அவர் போவதற்குள் கறையானும் ஆற்று வெள்ளமும் முந்திக்கொண்டன. ஒரு சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சில் கொண்டுவர, அவர் எத்தனையோ பிரதிகளை ஒப்பிட வேண்டியிருந்தது. ஒரு பிரதியில் சிதைந்திருந்தது மற்றொன்றில் இருந்தது. பல பிரதிகள் இருந்ததனால் நூல் பிழைத்தது.

சரஸ்வதி மஹாலில் உள்ளவை என்னென்ன என்று வெளியுலகம் அறிய ஒரு பட்டியல் வேண்டும் அல்லவா? தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னெல் என்ற ஆங்கிலேயர், வடமொழிச் சுவடிகளை ஆராய்ந்து பட்டியலிட்டார். அது 1880-இல் லண்டனில் வெளிவந்தது. 1918-இல் நூல்நிலையம் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. 1983-இல் இந்திய சர்க்கார் அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஸ்தாபனமாக அங்கீகரித்தது. இன்று அங்கே சுமார் 49,000 சுவடிகள் இருக்கின்றன. அவற்றில் வடமொழிச் சுவடிகளே அதிகம். தமிழ், மராத்தி, தெலுங்குச் சுவடிகளும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நுண்படமாகவும் கணினியிலும் அவற்றின் நகல்கள் எடுக்கப்பட்டிருக்கின்றன.

மூன்று நகல் வேண்டும். இரண்டு விதமான பொருள்களில் வேண்டும். ஒன்றாவது வேறிடத்தில் இருக்க வேண்டும் என்று கணினி நிபுணர்கள் இப்போது சொல்கிறார்கள். ஓலையிலும் காகிதத்திலும் கல்லிலும் அச்சிலுமாக இதைச் சரபோஜி இருநூறு வருஷங்களுக்கு முன்பே செய்தார். அவர் சம்பளம் கொடுத்து அமர்த்திய மற்றொரு கூட்டத்தையும் மறக்கக்கூடாது. கட்டை அவிழ்த்துப் படிக்கவும், படித்ததை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரிந்த பண்டிதர்கள் அவர்கள்.

தஞ்சை வட்டாரத்துப் பழைய வீடுகளில் இரும்புப் பெட்டிக்குள் பாட்டன் காலத்து ஓலையோ, பத்திரமோ, ‘௸’ குறி போட்ட கணக்கோ இன்னும் இருக்கக்கூடும். அதைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. படிக்கத் தெரிந்தவர் இருக்கும்போதே படித்து எழுதி வைத்துக்கொள்வது அதைவிட நல்லது. அரண்மனையின் மோடிக் கட்டுகளிலும் இன்னும் தமிழில் வராதவை அநேகம். அவற்றைப் படிக்க ஆட்கள் வேண்டும்.